பன்றியும் நாயும் நகரசபையும்

ஒரு நாட்டின் வரலாற்றை எழுதப் புகுவோர் அதன் அரசியலமைப்பையும் போர்களையும் உடன்படிக்கைகளையும் ஆராய்வது வழக்கம். நகரசபைகளின் உபவிதிகளைப் புரட்டிப் பார்ப்போர் மிகச் சிலரே. நாய் வளர்ப்பதற்கு அனுமதிப்பத்திரம், பன்றி வளர்ப்பதற்குத் தடை, மாட்டுத்தொழுவத்துக்கும் இறைச்சிக்கடைக்கும் இடவரையறை என்று நீளும் அவ்விதிகள் வரலாற்றாசிரியனின் கவனத்துக்கு உரியனவல்ல என்ற எண்ணம் நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. ஆனால், சாதாரண மனிதனுடைய வாசலிலே அரசு வந்து நிற்பது பெரும்பாலும் இத்தகைய உபவிதிகளின் வடிவிலேதான். அவனது முற்றத்தில் எந்த மிருகம் நிற்கலாம், எது நிற்கலாகாது என்று கூறும்பொழுது, அவன் எதைக் கொண்டு பிழைக்கலாம், நகரத்தின் எப்பகுதியில் வாழலாம் என்பதையும் அவை மறைமுகமாகக் கூறிவிடுகின்றன.

இதனை விளங்கிக்கொள்வதற்கு நியூயோர்க் நகரத்தின் பத்தொன்பதாம் நூற்றாண்டு வரலாறு நமக்குப் பெரிதும் துணைபுரிகிறது. 1800 ஆம் ஆண்டிலே ஏறத்தாழ 60,000 மக்களைக் கொண்ட துறைமுகப் பட்டினமாக விளங்கிய அந்நகரம், 1860 ஆம் ஆண்டிலே எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் வாழும் மாநகரமாயிற்று. வணிக முதலும், அதன் பின்னர் கைத்தொழில் முதலும் இரண்டு தலைமுறைக்குள் ஏற்படுத்திய இம்மாற்றத்தின் சுவடுகளை, அங்கு மிருகங்கள் குறித்து இயற்றப்பட்ட விதிகளிலே தெளிவாகக் காணலாம்.

அந்நூற்றாண்டின் முற்பாதியில் நியூயோர்க்கின் தெருக்களிலே பன்றிகள் கட்டின்றித் திரிந்தன. 1820 களில் அவற்றின் தொகை 20,000 வரை இருக்கும் என மதிப்பிடப்பட்டது. 1842 இல் அங்கு சென்ற ஆங்கில நாவலாசிரியர் சார்ள்ஸ் டிக்கன்ஸ், நகரின் பிரதான வீதியாகிய புறோட்வேயிலே பன்றிகள் உலாவிய காட்சியைத் தமது பயண நூலில் வேடிக்கையாக வர்ணித்துள்ளார். பிரயாணிக்கு வேடிக்கையாகத் தோன்றிய அப்பன்றிகள் யாருடையவை? துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர்கள், பிறர் துணி வெளுத்துப் பிழைத்த பெண்கள், அயர்லாந்திலிருந்து வந்து குடியேறியவர்கள், கறுப்பின மக்கள் ஆகியோரே பெரும்பாலும் அவற்றின் சொந்தக்காரர்கள். அவர்களுடைய கூலி வேலை நிலையற்றது. குளிர்காலத்திலே அதுவும் அருகிவிடும். பன்றிக்கோ தீனி வாங்கவேண்டியதில்லை. தெருவிலே கொட்டப்பட்ட கழிவுகளைத் தின்று அது கொழுத்தது. குளிர் தொடங்கியதும் அதனை அறுத்து உப்பிட்டு வைத்தால் குடும்பத்துக்கு உணவாகும். விற்றால் வாடகைப் பணமாகும். வங்கியின் வாசலை மிதித்தறியாத மக்களுக்குப் பன்றியே சேமிப்பாக இருந்தது. அதுமட்டுமன்று, நகரசபை குப்பையை ஒழுங்காக அகற்றாத அக்காலத்தில், சம்பளம் பெறாத துப்புரவுத் தொழிலாளியாகவும் அது விளங்கிற்று.

இதனால் தொல்லை எதுவும் இருக்கவில்லை என்று நாம் வாதிக்கவில்லை. பன்றிகள் குழந்தைகளை இடித்து வீழ்த்தின, தெருக்களைக் கிளறின, வீடுகளின் வாசலை அசுத்தப்படுத்தின. தொல்லை உண்மையானதே. அத்தொல்லைக்குப் பரிகாரம் தேடியபொழுது யாருடைய நலன் முன்வைக்கப்பட்டது, யாருடைய நலன் பின்தள்ளப்பட்டது என்பதே கேள்வியாகும்.

1819 ஆம் ஆண்டில் கிறிஸ்தியன் ஹரியற் என்ற இறைச்சிக்கடைக்காரர், பன்றிகளைத் தெருவில் திரியவிட்டுப் பொதுத்தொல்லை விளைத்தார் என்று குற்றஞ்சாட்டப்பட்டார். நகர மேயர் கட்வாலடர் கோல்டனே அவ்வழக்கில் நீதிபதியாக அமர்ந்திருந்தார். தெருவிலே பன்றி வளர்ப்பது நெடுங்காலமாக நிலவிவரும் வழக்கம் என்றும், ஏழைகள் அதனை நம்பி வாழ்கின்றனர் என்றும் பிரதிவாதி தரப்பினர் வாதித்தனர். வழக்கம் எவ்வளவு பழையதாயினும் தொல்லை தொல்லையே என்பதுதான் மேயரின் நிலைப்பாடு. யூரிமார் ஹரியற்றைக் குற்றவாளியெனக் கண்டனர். ஆக, ஏழையின் வழக்காறு நீதிமன்றத்திலே தோற்றது.

எனினும், தீர்ப்போடு பன்றிகள் மறைந்துவிடவில்லை. மேலும் நாற்பது ஆண்டுகள் அவை தெருக்களிலே திரிந்தன. அக்காலத்தில் நியூயோர்க் மாநிலத்தில் வெள்ளையருக்கிருந்த சொத்து நிபந்தனை படிப்படியாகத் தளர்த்தப்பட்டு 1826 இல் முற்றாக நீக்கப்பட்டமையால், ஏழை வெள்ளையரின் வாக்குக்கு மதிப்பு ஏற்பட்டிருந்தது. (கறுப்பினத்தவர் மட்டும் 250 டொலர் பெறுமதியான சொத்து வைத்திருந்தாலன்றி வாக்களிக்க இயலாது என்ற நிபந்தனை நீடித்தது.) வாக்குகளை எண்ணிப் பார்த்த சபை உறுப்பினர் பலர் விதியைக் கண்டிப்பாகச் செயற்படுத்தத் தயங்கினர். தயக்கம் நீங்கிப் பன்றி பிடிக்கும் வண்டிகள் தெருவுக்கு வந்தபோதெல்லாம் மக்கள் திரண்டு எதிர்த்தனர். 1820 களிலும் 1830 களின் தொடக்கத்திலும் இத்தகைய மோதல்கள் பல நிகழ்ந்தன. அயர்லாந்துப் பெண்களும் கறுப்பினப் பெண்களும் வண்டிகளை மறித்துப் பன்றிகளை மீட்டுச் சென்றனர். ஏனைய விடயங்களிலே ஒருவரையொருவர் ஐயத்துடன் நோக்கிய இவ்விரு பகுதியினரும், அடுப்பு எரிவது பற்றிய பிரச்சினையிலே ஒரே பக்கத்தில் நின்றனர் என்பது நமது சிந்தனைக்குரியது.

நாய்களின் வரலாறு இதனின்றும் சற்று வேறுபட்டது. 1811 இல் நியூயோர்க் நகரசபை நாய்கள் தொடர்பான ஒரு சட்டத்தை இயற்றி, நாய் வைத்திருப்போருக்கு வரி விதித்தது. கட்டின்றித் திரியும் நாய்களைக் கொல்லவும் ஆட்களை நியமித்தது. நாய் வண்டிகளும் மக்களின் தாக்குதலுக்கு ஆளாயின. விசர்நாய்க்கடிக்குப் பரிகாரம் எதுவும் அறியப்படாத காலம் அது. லூயி பாஸ்ரர் தமது தடுப்பு மருந்தை மனிதருக்கு முதன்முதலாகச் செலுத்தியது 1885 இலேதான். ஆகவே, மக்களின் அச்சம் நியாயமானதே. ஆனால், அவ்வச்சத்துக்கு நகரசபை கண்ட மருந்து, பிடித்துவரப்படும் ஒவ்வொரு நாய்க்கும் சன்மானம் கொடுப்பதாக இருந்தது. விளைவு என்ன? வேலையற்ற சிறுவர்கள் நாய் பிடிப்பதைத் தொழிலாக்கிக்கொண்டனர். தெருநாய்கள் அருகியபோது வீட்டு நாய்களையும் திருடிக் கொணர்ந்தனர். வசதியுள்ளவர் பணத்தைக் கொடுத்துத் தம் நாயை மீட்டுக்கொண்டனர். வசதியற்றவரின் நாய் மாண்டது. ஒரே தெருவில் திரிந்த இரு நாய்களில், வரி கட்டப்பட்டது ‘செல்லப்பிராணி’ ஆயிற்று; மற்றையது ‘தெருநாய்’ ஆயிற்று. மிருகத்தின் இயல்பன்று, சொந்தக்காரனின் பணப்பையே இப்பாகுபாட்டைத் தீர்மானித்தது.

1849 இல் வாந்திபேதி நியூயோர்க்கை இரண்டாவது முறையாகப் பேரளவில் தாக்கியது. 5,000 க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அசுத்தத்தின் துர்நாற்றமே நோயைப் பரப்புகின்றது என்பது அக்கால மருத்துவரிற் பெரும்பாலோரின் நம்பிக்கை. எனவே, ஏழைகளின் நிலவறைகளிலும் மேன்மாடங்களிலும் வளர்ந்த ஆயிரக்கணக்கான பன்றிகளைப் பொலிஸார் நகரின் வடபுறத்துக்குத் துரத்தினர். வாந்திபேதி அசுத்தமான நீரினாலே பரவுவது என்பதற்கு ஜோன் ஸ்நோ லண்டனில் வலுவான சான்று காட்டியது 1854 இலேயாகும். பன்றிக்கும் அந்நோய்க்கும் நேரடித் தொடர்பில்லை. 1842 இல் குறொற்றன் ஆற்றிலிருந்து நகருக்கு நல்ல நீர் கொண்டுவரப்பட்டதாயினும், குழாய் இணைப்புக்குப் பணம் கட்ட இயலாத குடியிருப்புகள் பழைய கிணறுகளையே நம்பியிருந்தன. நீரைக் கொடுக்க வேண்டிய இடத்திலே பன்றியைப் பறித்தார்கள் என்று இதனைச் சுருக்கிக் கூறலாம்.

நகரின் வடபுறத்துக்குத் தள்ளப்பட்ட மக்கள் அங்கும் ஒரு வாழ்வை அமைத்துக்கொண்டனர். 50 ஆம் தெருவுக்கும் 59 ஆம் தெருவுக்கும் இடைப்பட்ட பகுதியிலே அயர்லாந்து, ஜேர்மனியக் குடியேற்றக்காரர் பன்றி வளர்த்தனர். உணவுச்சாலைக் கழிவுகளைச் சேகரித்துக் கொதிக்கவைத்துத் தீனியாக்கினர். எலும்புகளைக் காய்ச்சி விற்றனர். அவ்வெலும்புகள் பொத்தான்களாயின, கரியாக்கப்பட்டுச் சீனி சுத்திகரிக்கும் ஆலைகளுக்கும் சென்றன. செல்வர் வீட்டு மேசையில் இருந்த வெள்ளைச் சீனிக்கும், அவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்து சென்ற எலும்புக் கொட்டிலுக்கும் இவ்வாறு நெருங்கிய உறவு இருந்தது.

ஆனால், நகரம் வடக்கே வளர்ந்தது. நிலத்தின் விலை ஏறியது. சென்ட்ரல் பார்க் என்னும் பெரும் பூங்காவை அமைப்பதற்காக 1857 அளவில் ஏறத்தாழ 1,600 பேர் அப்பிரதேசத்திலிருந்து வெளியேற்றப்பட்டனர். அவர்களுள், செனக்கா கிராமம் எனப்பட்ட குடியிருப்பிலே சொந்த நிலமும் தேவாலயங்களும் பாடசாலையும் கொண்டு வாழ்ந்த கறுப்பின மக்களும் அடங்குவர். 250 டொலர் சொத்து நிபந்தனை நிலவிய அக்காலத்தில், அந்நிலம் அவர்களிற் சிலருக்கு வாக்குரிமையையும் அளித்திருந்தது. அவ்வட்டாரம் முழுவதும் பன்றிப் பட்டிகளும் எலும்புக் கொட்டில்களும் நிறைந்த குப்பைமேடு என்றே பத்திரிகைகள் எழுதின. மிருகத்தின் மீது சுமத்தப்பட்ட இழிவு, அம்மிருகத்தின் அயலில் வாழ்ந்த மனிதர் மீதும் ஒட்டிக்கொண்டது. பட்டியும் வீடும் ஒரே சொல்லால் குறிக்கப்பட்டபின் இரண்டையும் அகற்றுவது எளிதாயிற்று.

இறுதி மோதல் 1859 இல் நிகழ்ந்தது. நகரப் பரிசோதகர் டானியல் டெலவனின் பணிப்பின்பேரில், துப்பாக்கி ஏந்திய பொலிஸார் புடைசூழ, அதிகாரிகள் பன்றிப் பட்டிகள் மீது படையெடுத்தனர். ஏறத்தாழ 9,000 பன்றிகள் அகற்றப்பட்டன. 3,000 பட்டிகள் இடிக்கப்பட்டன. கழிவு காய்ச்சும் கொப்பரைகள் 100 வரை கைப்பற்றப்பட்டன. பத்திரிகைகள் இதனைப் ‘பன்றிப் போர்’ என்றே வர்ணித்தன. ஓராண்டுக்குள் 86 ஆம் தெருவுக்குத் தெற்கே பன்றி வளர்ப்பு ஏறத்தாழ ஒழிந்துவிட்டது.

இதே காலத்தில், இதே நகரசபை, வேறொரு மிருகத் தொழிலை எவ்வாறு நடத்தியது என்பதை ஒப்புநோக்குதல் வேண்டும். நியூயோர்க்கிலும் புறூக்ளினிலும் இயங்கிய சாராய வடிசாலைகளின் அருகே பெரிய மாட்டுத்தொழுவங்கள் இருந்தன. வடித்தெடுத்தபின் எஞ்சும் சூடான தானியக் கழிவு அங்கு நெருக்கமாகக் கட்டப்பட்ட பசுக்களுக்குத் தீனியாகக் கொடுக்கப்பட்டது. அப்பசுக்களின் பற்கள் உதிர்ந்தன, வால்கள் அழுகின, உடலெங்கும் புண்கள் பரவின. அவற்றிலிருந்து கறந்த நீலம் பாரித்த பாலிலே சுண்ணக்கட்டித் தூளும் மாவும் கலந்து, நாட்டுப்புறத்துத் தூய பால் என்று விற்றனர். றொபேட் ஹாட்லி என்ற சீர்திருத்தவாதி 1842 இலேயே இத்தொழிலின் கேட்டை எடுத்துக்காட்டிப் பால் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். எவரும் தொழுவங்களைத் தொடவில்லை. 1858 இல் பிராங் லெஸ்லியின் படப் பத்திரிகை தொழுவங்களின் உட்புறத்தைச் சித்திரங்களாக வெளியிட்டபோது நகரமே திடுக்கிட்டது. ஆண்டுதோறும் 8,000 குழந்தைகள் இப்பாலினால் இறக்கின்றனர் என்பது அந்நாளைய பத்திரிகைக் கணக்கு.

நகரசபை ஒரு விசாரணைக் குழுவை நியமித்தது. அதன் முன்னணி உறுப்பினரான மைக்கல் டூமி தொழுவ முதலாளிகளுக்கு ஆதரவாகவே நின்றார். காற்றோட்டத்தைச் சிறிது சீர்செய்தால் போதும் என்ற வகையில் குழுவின் அறிக்கை அமைந்தது. துப்பாக்கி ஏந்திய பொலிஸார் எவரும் அத்தொழுவங்களுக்கு அனுப்பப்படவில்லை. இத்தொழிலைத் தடைசெய்ய மாநிலச் சட்டமன்றம் 1862 இலேதான் சட்டம் இயற்றியது. அதன் பின்னரும் அது உடனே மறைந்துவிடவில்லை. ஏழைக் குடும்பத்தின் இரண்டு பன்றிகள் பொதுச் சுகாதாரத்துக்குப் பகையென ஓராண்டில் ஒழிக்கப்பட்டன. வடிசாலையின் நூற்றுக்கணக்கான நோயுற்ற பசுக்களோ ‘வியாபாரம்’ என்ற பெயரால் ஆண்டுக்கணக்கில் பாதுகாக்கப்பட்டன. அப்பாலைக் குடித்து மாண்ட குழந்தைகளிற் பெரும்பாலோர், மலிவான பாலைத் தவிர வேறெதையும் வாங்க இயலாத குடும்பங்களைச் சேர்ந்தவர்கள் என்பதை நாம் மறத்தலாகாது.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை தேவை. சுகாதார விதிகள் யாவும் ஆளும் வர்க்கத்தின் சூழ்ச்சி என்று முடிவுகட்டுவது வரலாற்றுக்குப் பொருந்தாது. 1866 இல் நியூயோர்க்கில் மாநகரச் சுகாதாரச் சபை நிறுவப்பட்டது. கட்சி அரசியல்வாதிகளின் கையிலிருந்த சுகாதார அதிகாரம் மருத்துவரும் இடம்பெற்ற ஒரு சபைக்கு மாறியது. இறைச்சிக்காக மிருகங்களை அறுக்கும் இடங்களை அது பரிசோதித்தது. தெருக்களினூடாக மந்தைகளை ஓட்டுவதைக் கட்டுப்படுத்தியது. நோய் கண்ட வீடுகளைத் தொற்றுநீக்கம் செய்தது. அவ்வாண்டு மீண்டும் வந்த வாந்திபேதிக்கு நியூயோர்க் நகரில் பலியானோர் ஏறத்தாழ 600 பேரே. நல்ல விதி உயிர் காக்கும். முதலில் காப்பதும் நெருக்கமான குடியிருப்புகளில் வாழும் உழைப்பாளரின் உயிரையே. ஆகவே, விதி வேண்டாம் என்பது நமது வாதமன்று.

அதே 1866 இல் ஹென்றி பேர்க் என்ற செல்வந்தர் மிருகவதைத் தடுப்புச் சங்கத்தை நிறுவினார். கப்பல் கட்டும் தொழிலதிபரின் மகனாகிய அவர், கன்றுகளை அடுக்கடுக்காக வண்டியிலேற்றிய இறைச்சிக்காரரையும் குதிரையை அடித்த வண்டிக்காரரையும் நீதிமன்றத்துக்கு இழுத்தார். தண்டம் செலுத்தியவர் பெரும்பாலும் ஏழைத் தொழிலாளரே. ஆயினும், அவர் அதனோடு நின்றுவிடவில்லை என்பதையும் கூறுதல் நேர்மையாகும். வடிசாலைத் தொழுவங்களை அவரும் எதிர்த்தார். அளவுமீறிப் பிரயாணிகளை ஏற்றிய குதிரை டிறாம் கம்பனிகளோடும் போராடினார். 1872 இலையுதிர் காலத்திலே குதிரைகளிடையே ஒரு தொற்றுக் காய்ச்சல் வட அமெரிக்கா முழுவதும் பரவியபோது, நகரத்தின் போக்குவரத்தே ஸ்தம்பித்தது. நோயுற்ற குதிரைகளைக் கம்பனிகள் மீண்டும் வண்டியில் பூட்ட முயன்றபோது பேர்க் தெருவில் நின்று மறித்தார். குதிரைகள் ஓய்ந்த அந்நாட்களில் மனிதர்கள் கூலிக்கு வண்டி இழுத்தனர். நகரத்தின் செல்வம் எத்தனை ஊமை உயிர்களின் உழைப்பில் நின்றது என்பது அப்போதுதான் பலருக்கும் புலனாயிற்று.

1874 இலே, வளர்ப்புத் தாயின் கொடுமைக்கு ஆளான ஒரு சிறுமியை மீட்பதற்கு வேறு வழி காணாத சமூக சேவகி ஒருவர் பேர்க்கை நாடினார். அவரது சங்கத்தின் சட்டத்தரணியே அவ்வழக்கை நடத்திக் குழந்தையை மீட்டார். குழந்தைகளின் பாதுகாப்புக்கெனத் தனிச் சங்கமொன்று தோன்றியது அதன் பின்னரே. குதிரைக்கும் நாய்க்கும் சங்கம் கண்ட சமுதாயம், குழந்தைக்குச் சங்கம் காண மேலும் எட்டு ஆண்டுகள் எடுத்தது. மிருகங்களிடம் காட்டிய இரக்கத்தை நாம் குறைகூறவில்லை. அவ்விரக்கம் எந்த ஒழுங்கில் பிறந்தது என்பதையே சுட்டுகிறோம்.

நாய்களைப் பொறுத்தவரை நகரத்தின் முறை நீண்டகாலம் மாறவில்லை. பிடிக்கப்பட்ட நாய்களை இரும்புக் கூண்டிலடைத்துக் கிழக்கு ஆற்றிலே அமிழ்த்திக் கொன்றனர். 1877 யூலையில் ஒரே நாளில் 700 க்கும் மேற்பட்ட நாய்கள் இவ்வாறு கொல்லப்பட்டன. 1894 இல் நாய் அனுமதிப்பத்திரம் வழங்கும் பொறுப்பும் தெருநாய்களைக் கையாளும் பொறுப்பும் மிருகவதைத் தடுப்புச் சங்கத்திடம் ஒப்படைக்கப்பட்டன. தலைக்குத் தலை சன்மானம் கொடுக்கும் முறை ஒழிந்தது. பொதுப்பணி ஒன்று தனியார் சங்கத்தின் கையிலே நூறு ஆண்டுகள், அதாவது 1994 இறுதிவரை, இருந்தது.

மற்றொன்றையும் இங்கு நினைவிற் கொள்ளல் வேண்டும். தெருக் குப்பையைத் தின்ற பன்றிகள் 1860 அளவில் அகற்றப்பட்டன. அக்குப்பையை நகரசபை ஒழுங்காக அகற்றத் தொடங்கியதோ, ஜோர்ஜ் வேறிங் 1895 இல் துப்புரவுப் பகுதியின் பொறுப்பை ஏற்று, வெள்ளைச் சீருடை அணிந்த தொழிலாளர் படையை அமைத்த பின்னரே. இடைப்பட்ட முப்பத்தைந்து ஆண்டுகளாகக் குப்பை, பன்றியுமின்றித் தொழிலாளியுமின்றி, ஏழைகளின் தெருக்களிலே குவிந்து கிடந்தது. சுகாதாரத்தின் பெயரால் பன்றி பறிக்கப்பட்டது. சுகாதாரமோ ஒரு தலைமுறை தாமதித்தே வந்தது.

இருபதாம் நூற்றாண்டில் பிரச்சினை தெருவிலிருந்து வீட்டுக்குள் நுழைந்தது. வாடகை வீடுகளின் ஒப்பந்தங்களில் மிருகம் வளர்க்கலாகாது என்ற நிபந்தனை இடம்பெற்றது. குடியிருப்பாளரை வெளியேற்ற விரும்பிய வீட்டுச் சொந்தக்காரருக்கு அந்நாய் அல்லது பூனை வாய்ப்பான சாட்டாகியது. 1983 இல் நகரசபை இயற்றிய சட்டம் இதற்கு ஓர் எல்லை வகுத்தது. குடியிருப்பாளர் மிருகம் ஒன்றை மறைவின்றி வைத்திருப்பதை அறிந்தும் மூன்று மாதத்துக்குள் வழக்குத் தொடராத சொந்தக்காரர், பின்னர் அந்நிபந்தனையைக் காட்டி வெளியேற்ற இயலாது. மிருகம் பற்றிய விதியொன்று வாடகைக்கு இருப்போரின் பக்கம் நின்றதற்கு இது நல்ல எடுத்துக்காட்டாகும். ஆனால், 2009 இல் நகரின் பொது வீடமைப்பு அதிகாரசபை, தனது தொடர்மாடிகளில் 25 இறாத்தலுக்கு மேற்பட்ட நாய்களையும் குறிப்பிட்ட சில இன நாய்களையும் புதிதாகக் கொண்டுவருவதைத் தடைசெய்தது. குறைந்த வருமானமுள்ளவர் வாழும் வீடுகளிலே அரசு நாயைத் தராசில் வைத்து நிறுத்தது.

எல்லோருக்கும் ஒரே அளவாக விழுந்த விதிகளும் உண்டு. நாயின் கழிவைச் சொந்தக்காரரே அள்ள வேண்டும் என்று 1978 ஓகஸ்ட் மாதத்தில் நடைமுறைக்கு வந்த விதி அத்தகையது. மாளிகையிலிருந்து நாயோடு உலாவ வருபவரும், தொடர்மாடியிலிருந்து வருபவரும் அதன்முன் ஒருபடித்தாகக் குனிய வேண்டியவரானார்கள். கடைகளில் நாய், பூனை, முயல் ஆகியவற்றை விற்பதைத் தடுத்து, 2024 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த நியூயோர்க் மாநிலச் சட்டம், குட்டிகளை உற்பத்திப் பண்டமாக்கி இலாபமீட்டும் வியாபாரத்தை நோக்கியது. 1858 இல் வடிசாலைத் தொழுவத்தின் வாசலிலே தயங்கி நின்ற சட்டம், இம்முறை வியாபாரத்தின் வாசலைத் தாண்டிற்று.

இவ்வரலாற்றிலிருந்து நாம் பெறவேண்டியது மிருகங்களின் மீதான விதிகளை ஏற்பதா மறுப்பதா என்ற முடிவையன்று. அவற்றை ஆராயும் முறையையாகும். ஒரு விதி முன்வைக்கப்படும்பொழுது சில கேள்விகளைக் கேட்டல் வேண்டும். இதனால் எவருடைய பிழைப்பு அகற்றப்படுகிறது? அகற்றப்படுவதற்கு ஈடாக நீரோ உணவோ துப்புரவோ வேலையோ வழங்கப்படுகிறதா? சிறியவனின் பட்டியை இடிக்கும் அதே கை, பெரியவனின் தொழுவத்தையும் தட்டுகிறதா? விதியை விளக்குவதற்குக் கூறப்படும் காரணம் விஞ்ஞானமா, அன்றி நிலத்தின் விலையா? நியூயோர்க்கின் பன்றிக்காரிகள் இக்கேள்விகளை எழுத்திலே கேட்கவில்லை. வண்டியை மறித்து நின்று கேட்டனர். அவர்களுக்கு அன்று விடை கிடைக்கவில்லை. தத்தம் ஊர்ச் சபைகளின் உபவிதிப் புத்தகத்தைக் கையில் எடுக்கும் ஆசிரியரும் மாணவரும் அதே கேள்விகளை எழுத்திலே கேட்கலாம், கேட்கவேண்டும்.